எம்.சி. அண்ணன்

மருத்துவம் படிக்காமல், ஊசியைக் கையால் தொடாமல், மலேசியாவில் எங்கள் ஊரான பாடாங் செராயிலேயே அதிகமாக எம்.சி. கொடுத்தவர் எங்கள் பள்ளி வேன் ஓட்டுநர்தான். எம்.சி. என்றால் டாக்டர் தரும் விடுப்புச் சீட்டு. இவர் சீட்டெல்லாம் தரமாட்டார். முகத்தைப் பார்ப்பார், வேன் கதவைத் திறக்கமாட்டார். அவ்வளவுதான், அந்தப் பிள்ளைக்கு அன்று லீவு.

விஷயம் தெரிந்த மளிகைக்கடைக்காரர் மகன் ஒருநாள் சாவு வீட்டு முகத்தோடு வந்து நின்றான். "நடிப்புக்கு எம்.சி. கிடையாதுடா தம்பி" என்று அவனை முன் சீட்டில் உட்காரவைத்து, பள்ளி வரைக்கும் வாய்ப்பாடு சொல்லவைத்தார்.

ஒரு திங்கட்கிழமை என் மகளின் முறை வந்தது. மூன்றாம் படிவம் படிக்கிறாள், பதினைந்து வயது.

"தங்கச்சி, பாப்பா இன்னைக்கு வரவேணாம்லா."

"ஏண்ணே? காய்ச்சல்கூட இல்லையே! கணக்கு டெஸ்ட் வேற இருக்கு!"

"காய்ச்சல்னா நீயே பார்த்திருப்பே. போன வாரம் பூரா வேன்ல வாயே தொறக்கல. ஸ்கூல் கேட்டு வந்தா எறங்காம பையைக் கட்டிப் பிடிச்சுக்குது."

ஹாரன் அடித்துவிட்டுப் போயே போய்விட்டார். தெருவே கேட்கத் திட்டினேன். நானும் வேலைக்கு லீவு சொன்னேன்.

மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த மகள் திடீரென்று உடைந்து அழுதாள். வகுப்புப் பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவில் அவள் படத்தைப் போட்டுச் சிரித்தார்களாம். இரண்டு வாரமாக இடைவேளையில் கழிவறைக்குள் நின்றுதான் சாப்பிட்டிருக்கிறாள்.

மறுநாள் மகளோடு பள்ளிக்குப் போனேன். அலுவலகத்தில் எம்.சி. கேட்டார்கள். நாங்கள் டாக்டரிடமே போகவில்லை. கூடவே வந்த அண்ணன் கிளார்க்கிடம் மலாயில் விளக்கினார்: "சாக்கிட் ஹாத்தி."

மனசுக்கு நோவு என்று சொன்னதாக அவர் நினைப்பு. மலாய்க்காரர்களுக்கோ அது ஆத்திரம். கிளார்க் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, யார்மேல் என்று கேட்டார்.

"செமுவா!"

எல்லார்மேலும்தானாம். இந்த முறை நிஜமாகவே ஆத்திரம்.

சத்தம் கேட்டு வந்த கவுன்சலிங் ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களை உள்ளே அழைத்தார். மகள் பேசப் பேச, குறுக்கிடாமல் கேட்டார். அந்த ஒரு நாளை முறையான விடுப்பாக எழுதிக்கொண்டார். படம் போட்டவர்களின் பெற்றோரையும் வரவழைத்தார். மகளுக்கு இப்போதும் தோழிகள் ஒன்றிரண்டு பேர்தான். ஆனால் கேண்டீனில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

அண்ணனுக்கு நன்றி சொல்லப் போனேன். "சரி சரி, கதவை மெல்ல சாத்து தங்கச்சி, பழைய வண்டி" என்றார்.

இப்போதெல்லாம் பின்னல் போட்டுவிடும்போது மகளின் முகத்தை நானும் உற்றுப் பார்க்கிறேன். ஆனாலும் பல நாள் அவர்தான் முந்திக்கொள்கிறார். கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. ரொம்ப நிம்மதியாக இருக்கிறது.