வாசிகசாலைச் சுவரில் நான் கண்ட துரோகி

யாழ்ப்பாணத்துக் குருநகர் வாசிகசாலையில் என்மேல் நாற்காலிகள் வீசப்பட்டன என்று என் மைத்துனர் முப்பது ஆண்டுகளாகக் கூறிவருகிறார். அது பொய். ஒரு நாற்காலியும் அசையவில்லை. அதுவே அன்றைய அச்சம். உண்மை நிலைபெற வேண்டி இதனை எழுதுகின்றேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. நல்லூரில் தமிழாசிரியனாயிருந்த எனக்கு, மேனாட்டு ஓவியம் பற்றிய நூலொன்றைப் படித்துவிட்ட செருக்கு. (ஒரே நூல், அதிலும் பாதி.) உடன் கற்பித்த சூசை மாஸ்ரர் தம் ஊர் வாசிகசாலை விழாவில் பேச அழைத்தார். அங்கே சுவரில், விளம்பரப் பலகை எழுதும் உள்ளூர் ஓவியர் ஒருவர் பெரிதாகப் படியெடுத்த ‘இறுதி இராவுணவு’ இருந்தது. இயேசு பன்னிரு சீடருடன் பந்தியமர்ந்த அப்புகழ்பெற்ற ஓவியத்தின் பொருளை விளக்குவதே என் பணி.

சபைக்கு முதுகு காட்டி, பிரம்பால் சுவரைத் தட்டினேன். “இயேசுவைக் காட்டிக்கொடுத்தவன் எவன்? ஓவியமே சொல்கிறது. பையை இறுக்கிய கை, கவிழ்ந்த உப்புக் கிண்ணம், ஒளிபடாத முகம். துரோகி யூதாசு இவனே!”

சபையில் மூச்சொலியும் இல்லை. என் புலமையில் கட்டுண்டனர் என்றெண்ணி மேலும் ஏறினேன்: “இம்முகத்தை நன்கு பாருங்கள். தெருவிற் கண்டாலும் அடையாளங் காணலாம்!”

திரும்பினேன். அம்முகம் முதல் வரிசையில், எனக்கு நேரெதிரே, வேட்டி சால்வையுடன் அமர்ந்திருந்தது. அதே வளைந்த மூக்கு. புருவத்தில் அதே தழும்பு.

ஓவியர் ஊரவரையே முன்னிருத்தி வரைந்திருக்கிறார். எந்தச் சீடருக்காக யார் அமர்ந்தார் என்று வெளியாருக்குச் சொல்வதில்லை என்பது அவர்கள் கட்டுப்பாடாம். நானும் வெளியான்தானே!

அக்காலத்தில் ‘துரோகி’ என்ற சொல் ஒருவர்மேல் விழுந்தால், அவர் வீடு திரும்புவது நிச்சயமன்று. வாசலில் நின்ற, ஊருக்குப் புதியவரான விடுதலை இயக்க இளைஞர் இருவரில் ஒருவர் கேட்டார்: “ஆர் இவர்? என்ன செய்தவர்?”

பிரம்பை முதுகுக்குப் பின்னே மறைத்தேன். கற்ற இலக்கணம் ஒன்றும் உதவவில்லை.

முதல் வரிசைக்காரர் எழுந்தார். படகுகள் வைத்திருந்த மரியாம்பிள்ளை சம்மாட்டியார் அவர். “நான் ஒண்டும் செய்யேல்லைத் தம்பி. யூதாசின்ரை இடத்திலை இருக்க ஒருத்தரும் வரேல்லை. படம் முடியோணுமே எண்டு நான் இருந்தனான்.”

அவர் மனைவியும் எழுந்துவிட்டார். “மூண்டு கிழமை, தம்பி! அங்கை வலை கிழிஞ்சு கிடக்க, உவர் இஞ்சை வெறும் பையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவர். துரோகம் செய்தவரெண்டா அது எனக்குத்தான்!”

சபை சிரித்தது. அவ்விருவரும் சிரிக்கவில்லை. சுவரையும் சம்மாட்டியாரையும் மாறிமாறிப் பார்த்தனர், நெடுநேரம். பிறகு ஒருவர் என்னை நோக்கினார்: “மாஸ்ரர், இனிப் படம் பாத்து ஆக்களைப் பிடிக்க வேண்டாம்.”

போய்விட்டனர்.

சம்மாட்டியார் வந்து என் கையைப் பற்றினார். “பிரம்பைக் கீழை வையுங்கோ, மாஸ்ரர்” என்றார்.

இன்றும் எங்கள் வீட்டில் கலியாண அல்பத்தை எளிதில் என்னிடம் தரமாட்டார்கள். தந்தால் மகள் அருகே நிற்பாள்: “அப்பா, ஆளைக் காட்டாதேங்கோ. வடிவாயிருக்கு எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

ஓவியத்தைப் பற்றி நான் எழுதியவற்றுள் பிழை காணும் வாசகர் எழுதித் திருத்துவாராக. சம்மாட்டியாரைப் பற்றிய பிழையை மட்டும் அவர் மனைவியார் அன்றே திருத்திவிட்டார்.