ஏற்றுமதித் தரத்தில் ஒரு சென்சார்

உலக வாகனத் தொழில்நுட்ப வரலாறு குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி: வியாழக்கிழமை மாலை நான்கு மணி நாற்பது நிமிடத்துக்கு, ஆம்பூர் நவநீதன் தம்முடைய ஒய்டுபேண்ட் ஆக்சிஜன் சென்சாரைக் கார் பிரியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் விற்பனைக்கு விட்டார். இரண்டே மாதம் ஓடியது, ஒரே ஓனர், விலை பன்னிரண்டாயிரம், பேரம் பேசுகிறவர்கள் வர வேண்டாம்.

ராணிப்பேட்டையில் அவருக்கு முன்னால் இருந்த இரண்டு ஓனர்களை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆறு நிமிடத்தில் பேரம் பேசுகிற ஒருவன் போன் செய்தான். பாகாயத்தில் இருக்கும் பரத். பதினோராயிரம் என்றான். நவநீதன் உடனே சரி என்றார்.

அந்த அவசரத்துக்குக் காரணம் வாஷிங் மெஷின். பத்து நாளைக்கு முன் அது சுற்றும்போது கீச்சிடுகிறது என்று அவர் மனைவி தேவிகா சொன்னாள். ரிப்பேர்க்காரனைக் கூப்பிடுவதை நவநீதன் தன்மானப் பிரச்சினையாகக் கருதுகிறவர். பின்பக்க மூடியைக் கழற்றி அவரே சர்வீஸ் செய்தார். சத்தம் அன்றைக்கே நின்றது. மறுநாள் சுற்றுவதும் நின்றது.

"மோட்டார் போச்சு" என்று அறிவித்தார்.

தேவிகா தலையாட்டிவிட்டு, தங்கை வளைகாப்புக்காகக் குடியாத்தம் அம்மா வீட்டுக்குப் போனாள். அங்கேயிருந்து போன் செய்து, ஞாயிறு பதினோரு மணிக்கு வருகிறேன், அதற்குள் போனஸ் பணத்தில் புதிய மெஷின் வாங்கி வையுங்கள் என்றாள். போனஸ் பணம் முழுவதும் இரண்டு மாதத்துக்கு முன்பே சென்சாராக மாறிவிட்டது என்பது அவளுக்குத் தெரியாது. ஞாயிறு பதினோரு மணிக்குள் அது மறுபடியும் பணமாக மாறியாக வேண்டும்.

சென்சார் என்பது விரல் நீளத்தில் ஒரு சாமான். புகைக்குழாயில் மாட்டினால், எஞ்சின் பெட்ரோலை ஜாஸ்தியாகக் குடிக்கிறதா கம்மியாகக் குடிக்கிறதா என்று கூடவே வரும் மீட்டரில் நம்பராகக் காட்டும். நவநீதன் தம் இருபது வருடப் பழைய காரைத் தாமே டியூன் செய்வதற்காக வாங்கினார். அவர் டியூன் செய்யச் செய்ய, ஜாஸ்தி, ஜாஸ்தி என்றே மீட்டர் காட்டியது. நவநீதன் யோசித்துப் பார்த்து, சென்சாருக்கு அனுபவம் போதாது என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் செய்த முதல் வேலை, புதியதற்கு இடம் வேண்டுமென்று பழைய மெஷினைக் கழித்துக் கட்டியது. ரயில்வே கேட் பக்கம் பழைய சாமான் கடை வைத்திருக்கும் தனகோடி வந்து பார்த்தார்.

"இன்னா சார் ப்ராப்ளம்?"

"மோட்டார் போச்சு. நானே செக் பண்ணிட்டேன். நீங்க ஒண்ணும் பாக்க வேணாம்."

தனகோடி ஒன்றும் பார்க்கவில்லை. எண்ணூறு ரூபாய் கொடுத்து, மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் பைபாஸில் தன்சீல் அகமதுவின் ஒர்க்‌ஷாப்பில் சோதனை நடந்தது. ஆம்பூரில் எஞ்சின் விஷயத்தில் தன்சீல் பாய் சொன்னால் அப்பீல் கிடையாது. பரத்தின் காரில் சென்சாரை மாட்டி அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். நம்பர் சொன்னபடி ஏறியது, சொன்னபடி இறங்கியது.

"நல்ல பீஸ்" என்றார் பாய்.

நாளைக்குப் பணத்தோடு வருகிறேன் என்றான் பரத். கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தபோது மட்டும் ஒரு வார்த்தை சொன்னான். "கரி புடிச்சு அழுக்கா இருக்கு சார். பரவால்ல."

அந்தப் பரவாயில்லைதான் நவநீதனைப் புண்படுத்தியது.

ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷன் சூப்பர்வைசராகப் பதினெட்டு வருடம் இருப்பவர் அவர். அந்த லைனிலிருந்து பளபளப்பில்லாமல் ஒரு ஜோடி இதுவரை பெட்டிக்குள் போனதில்லை. ஐரோப்பாவிலிருந்து சரக்கு வாங்க வந்த பையர் ஒருவர் ஷூவில் தம் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டதாக கம்பெனியில் ஒரு கதை உண்டு. அந்தக் கதையைக் கிளப்பியவர் நவநீதன்.

சனிக்கிழமை காலை, சென்சாரை கம்பெனிக்கு எடுத்துப் போனார். சோப்புத் தண்ணீர், பிரஷ், பிறகு ஏற்றுமதி ஷூவுக்கு அடிக்கும் சிலிக்கான் ஸ்பிரே இரண்டு கோட், மேலே பிளானல் துணி. லைனில் உட்கார்ந்திருந்த ஹலீமா பீ, இருபது வருடமாக ஷூ துடைக்கிறவள், கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

"சார், இது காலில போடறதா?"

"கார்ல போடறது."

"அப்ப எதுக்கு சார் ஷைனு?"

தொழில் பக்தி பற்றி அவளுக்கு ஐந்து நிமிடம் எடுத்துச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே பதினோரு ஜோடி துடைத்து முடித்தாள்.

சாயங்காலம் ஒர்க்‌ஷாப்பில் பரத் சென்சாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நகைக்கடையில் வாங்கியது போல இருந்தது. பணத்தை எண்ணிப் பையில் தயாராக வைத்திருந்தான். நவநீதன்தான், இன்னொரு முறை மாட்டிப் பாருங்கள் தம்பி, மனசுக்குத் திருப்தியாக இருக்கும் என்று வற்புறுத்தினார்.

மாட்டினார்கள். எஞ்சின் சூடேறியது. நேற்று பதினான்கில் நின்ற நம்பர் இன்று பதினெட்டுக்குப் போனது, பத்துக்கு வந்தது, கொஞ்ச நேரம் யோசித்தது, மறுபடியும் பதினெட்டுக்குப் போனது.

"கனெக்டர்ல தூசி" என்றார் நவநீதன். பையிலிருந்து ஸ்பிரேயை எடுத்து, கனெக்டருக்கு ஒரு கோட் அடித்தார். கையோடு, குழாய்க்கு வெளியே தெரிந்த சென்சாரின் தலைக்கும் இன்னொரு கோட் அடித்தார். மீட்டரில் நம்பர் மறைந்து, அது இருந்த இடத்தில் இரண்டு சின்னக் கோடுகள் மட்டும் நின்றன.

தன்சீல் பாய் சென்சாரைக் கழற்றி, சூடு ஆறியதும் முகர்ந்து பார்த்தார்.

"இன்னா நவநீதா அடிச்ச இதுக்கு?"

"ஷைனர் பாய். எக்ஸ்போர்ட் குவாலிட்டி."

"சிலிக்கானா?"

"ஒரிஜினல் சிலிக்கான்" என்றார் நவநீதன் பெருமையாக.

பாய் சென்சாரைத் துணியில் வைத்து, மெதுவாக மூடினார். "இந்த சாமானுக்கு அதான்பா விஷம். சூட்டுல கண்ணாடி மாதிரி மேல படிஞ்சிடும், அப்புறம் மூச்சு போவாது. நேத்து வரைக்கும் உசுரோட இருந்துச்சு."

பரத் பணப்பையை ஜிப் போட்டு மூடினான். போகும்போது, "அழுக்காவே குடுத்திருக்கலாம் சார்" என்றான்.

ஞாயிறு விடிந்தது. கையில் எண்ணூறு ரூபாய், சம்பளக் கணக்கில் மிச்சம் மூவாயிரத்து இருநூறு. ஆக நாலாயிரம். இந்தத் தொகைக்குப் புதிய மெஷினின் அட்டைப் பெட்டிதான் வரும். நவநீதன் புதிய திட்டம் போட்டார்: நல்ல நிலையில் ஒரு பழைய மெஷின் வாங்குவது, வீட்டுக்கு வருமுன் ஸ்பிரே அடித்துப் புதியதாக்குவது. பாயின் கடையில் நடந்தது சென்சாரின் பலவீனம். அதற்கு ஸ்பிரே என்ன செய்யும்?

ஒன்பதரைக்கு நவநீதன் தனகோடியின் கடையில் இருந்தார். ஓடுகிற நிலையில் ஒரே ஒரு மெஷின்தான் இருக்கிறது, நாலாயிரம் என்றார் தனகோடி. நவநீதன் தண்ணீர் ஊற்றி ஓட்டச் சொன்னார். அது வெண்ணெய் போலச் சுற்றியது. கீச்சென்ற சத்தமே இல்லை.

"இந்த மோட்டாரப் பாத்தீங்களா? இப்படிப் பராமரிக்கணும்" என்றார் நவநீதன். "எங்க வீட்லயும் இதே கம்பெனிதான், இதே ப்ளூ மூடிதான். தேவிகாவுக்கு வச்சுக்கத் தெரியல."

தனகோடி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வீட்டு மெஷினின் முன்பக்கத்தை நவநீதன் அதிகம் பார்த்தவரில்லை, துவைப்பது தேவிகா.

பேரமே இல்லாமல் நாலாயிரத்தையும் எண்ணிக் கொடுத்தார். ஆட்டோவில் ஏற்றினார்கள். மணி பத்து இருபது. பையிலிருந்து ஸ்பிரேயை எடுத்துக் குலுக்கியபடியே, இதை வைத்திருந்த புண்ணியவான் யார், அவர் வீட்டு விலாசம் கிடைக்குமா, பாராட்ட வேண்டும் என்று கேட்டார்.

"தெரிஞ்சுதான் திருப்பி வாங்க வந்தீங்கன்னு நெனச்சேன் சார்" என்றார் தனகோடி. "உங்களுதுதான் இது. மோட்டார் நல்லாத்தான் இருந்துச்சு. பெல்ட்ல எவனோ பாலிஷ் அடிச்சு வச்சிருந்தான், வழுக்கிக்கினு இருந்துச்சு. தொடச்சு, டைட் பண்ணி மாட்டினேன். ஓடுது."