நூற்புழுக்காரர் கருத்துச் சொன்னார்

தெரியாமலே பேசுகிறவர்களை எல்லாரும் திட்டுகிறோம். தெரிந்தும் பேசாதவர்கள் என்று இன்னொரு இனம் இருக்கிறது. அவர்களை யாரும் திட்டுவதில்லை. அடக்கமானவர், ஆழமானவர் என்று நல்ல பெயர் எடுத்துக்கொண்டு நம் நடுவிலேயே சௌக்கியமாக உலவுகிறார்கள். இந்த இனத்தில் முதல் தரமான ஒருவர் பின்லாந்தின் வடகோடியில், ஹன்ஹிவாரா குன்றுக்கு அடியில் இருக்கிறார். பெயர் இல்மோ ஹர்யுலா. தொழில், மண்ணிலுள்ள, வெறும் கண்ணுக்குத் தெரியாத நூலிழை போன்ற நூற்புழுக்களை எண்ணுவது.

சிரிக்காதீர்கள். கௌரவமான தொழில். பனி உருகியதும் தலையில் கொசுவலையை மாட்டிக்கொண்டு, ரப்பர் பூட்ஸில் காலை நுழைத்து, நூற்றெண்பது வயது ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, ஐந்து மீட்டருக்கு ஒருமுறை மண்டியிட்டு, பாசியை விலக்கி, இரும்புக் குழாயை மண்ணில் இறக்கி, வந்த மண்ணைப் பையில் போட்டு, ஆய்வகத்தில் புனல்மேல் மெல்லிய காகிதம் விரித்து அதில் பரப்பி, தண்ணீர் விட்டு, புழுக்கள் தாமாக நெளிந்து கீழே இறங்கும்வரை இரண்டு நாள் காத்திருந்து, பிறகு நுண்ணோக்கியில் கண்ணை வைத்து ஒவ்வொன்றாக எண்ணுவார். எண்ணி முடித்ததும்? மறுபடி எண்ணுவார்.

வீட்டிலும் இதே கதைதான். மீன் சூப்பில் உப்பு போதுமா என்று மனைவி சிர்க்கா கேட்டால் கரண்டியை எடுத்து ஓரத்தில் ஒரு வாய், நடுவில் ஒரு வாய், அடியில் ஒரு வாய் ருசி பார்ப்பார். "மூணு இடத்துலயும் ஒண்ணுபோல இல்லையே. நல்லாக் கிளறிட்டு அப்புறம் கேளு." சிர்க்கா அப்புறம் கேட்பதில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு செப்டம்பர் மாதத்தில் ஹில்க்கா வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஊர் மன்றத்தில் உறுப்பினர். ஹன்ஹிவாராக் காட்டை மொத்தமாக வெட்டலாமா என்று மன்றத்தில் வாக்கெடுப்பு வர இருந்தது.

"வியாழக்கிழமை ஓட்டு, இல்மோ. அந்த மண்ணுல விசேஷமா ஏதாவது இருக்கா, இல்லையா? ஒரே ஒரு வரி போதும்."

"ஒரு வரியில சொல்ற விஷயமா இது?"

"சரி, ரெண்டு வரி."

"வடக்குச் சரிவுல மண் சாம்பிள் கம்மியாத்தான் எடுத்திருக்கேன்."

"மொத்தம் எத்தனை எடுத்திருக்க?"

"நாலாயிரத்து அறுநூறு."

ஹில்க்கா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "என் வீட்டுக்காரரைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி நான் ரெண்டே ரெண்டு தடவைதான் பார்த்தேன்."

"அதுல தப்பு வர்றதுக்கு நிறைய இடம் இருக்கு."

"அதை நீ சொல்லணுமா!"

ஹில்க்கா போனதும், பன்னிரண்டு வருடமாகக் கூடவே எண்ணும் ரைஜா நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினார். "நாம எண்ணுற பெரிய வகைப் புழுக்கள், முன்னாடி வெட்டின பக்கத்துக் காட்டுல ஒண்ணுகூட இல்ல. இங்க மட்டும்தான் இருக்கு. அதைச் சொல்லிட்டு உட்காரேன்."

"ஒண்ணுகூட இல்லன்னு சொல்லக்கூடாது ரைஜா. நாம எடுத்த மண்ணுல இல்லன்னு வேணா சொல்லலாம்."

"அதையாவது சொல்லுப்பா!"

இதில் வேடிக்கை என்னவென்றால், உள்ளுக்குள் இல்மோவுக்குச் சந்தேகமே கிடையாது. அந்த மரங்களின்மேல் பாசமும் உண்டு. ஆனால் இளவயதில் ஒரு கருத்தரங்கில் அடித்துச் சொல்வதுபோல ஒரு வாக்கியம் சொன்னார். முன்வரிசையில் ஒரு பேராசிரியர் இருமினார். அன்றோடு சரி.

வியாழக்கிழமை மன்றத்தில் இல்மோ நாற்பது நிமிடம் பேசினார். முப்பது நிமிடம் குழாயின் விட்டத்தைப் பற்றி. மீதிப் பத்து நிமிடம், தன் ஆய்வை ஏன் முழுசாக நம்பக்கூடாது என்பதைப் பற்றி. கடைசியில் தலைவர் பொறுமையிழந்தார்.

"வெட்டலாமா, கூடாதாங்க?"

இல்மோ வாயைத் திறந்தார். கூடாது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. எதிரே ஹில்க்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்போதைக்குச் சொல்றதுக்கில்ல. இன்னும் ஆய்வு தேவை."

'நிபுணருக்கு ஆட்சேபணை இல்லை' என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது. ஆதரவாகப் பத்து கை, எதிராக ஒன்பது. வெட்டலாம்.

வாசலில் ஒரு முதிய உறுப்பினர் தொப்பியை மாட்டியபடி இல்மோவிடம் வந்தார். "நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கையைத் தூக்கியிருக்க மாட்டேன். உங்களுக்குத்தானே தெரியும்னு பார்த்தேன்."

வேண்டாம் என்று சொல்லப் போதிய விவரம் இல்மோவிடம் இருந்தது. முதல்முறையாக அது அவருக்கு வலித்தது.

தரை உறைந்து இறுகிய ஜனவரியில் இயந்திரங்கள் வந்தன. பதினோரு நாள் வேலை. ஜூனில் இல்மோ குழாயோடு போய், காய்ந்து பொரிந்த பாசியில் மண்டியிட்டார். ரைஜா பைகளைப் பிடித்துக்கொண்டார். புனலில் பெரிய புழு ஒன்றும் இறங்கவில்லை. வாழ்நாளில் எழுதாத வேகத்தில் ஒரே வாரத்தில் அறிக்கையை எழுதினார். அதில் 'ஒருவேளை' இல்லை, 'எனலாம்' இல்லை. 'வெட்டியதால் இம்மண்ணின் உயிர்கள் அழிந்தன. ஐயமில்லை' என்றே முடித்திருந்தார். எங்கெங்கிருந்தோ பாராட்டுக் கடிதங்கள் வந்தன.

"இதை மன்றத்துக்கு அனுப்பவா?" என்றார் ரைஜா.

"அனுப்பு."

"அனுப்பி?"

இல்மோ எழுந்து, வெட்டப்பட்ட அடிமரம் ஒன்றின்மேல் உட்கார்ந்து வரக் கிளம்பினார். குழாயை எடுத்துக்கொள்ளவில்லை.

பாவம், பின்லாந்துக்காரர், புழு எண்ணுகிறவர், நமக்கென்ன என்கிறீர்கள். சரிதான். ஆனால் உங்கள் சிநேகிதர் ஒருவர் கூட்டு வியாபாரப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாள், "இந்த ஆளை நம்பலாமா?" என்று உங்களிடம் நேராகவே கேட்டாரே, உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தும், "முழு விவரம் தெரியாம எப்படிங்க சொல்றது?" என்று காப்பியை உறிஞ்சினீர்களே. அது நீங்கள்தானே?

யோசித்துச் சொல்கிறேன் என்கிறீர்களா? அவசரமே இல்லை. அவர் கையெழுத்துப் போட்டு ரொம்ப நாளாகிவிட்டது.