உயரத்தைத் தின்ற முழம் அண்ணன்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை நெடுஞ்சாலையோரம் நிற்கும் போர்டுக் கம்பங்களில் பாதி, இன்னும் உயரமாக இருந்திருக்க வேண்டியவை. அந்த உயரத்தையெல்லாம் தின்று ஏப்பம் விட்டவர் எங்கள் பட்டறை வெல்டர், முழம் அண்ணன்.

உயரமான கம்பத்துக்கு ஒரே பைப்பு போதாது. அடியில் தடித்த பைப்பு, அதற்குள் செருகி நடுத்தரம், அதற்குள் செருகி ஒல்லி. இடுக்கில் வளையம் வைத்துச் சுற்றிலும் வெல்டிங் அடிக்க வேண்டும். மற்றவர்கள் ஒரு சாண் செருகுவார்கள். இவர் ஒரு முழத்துக்குக் குறைத்துச் செருகமாட்டார். மனசு கேட்காவிட்டால் இரண்டு முழம்.

கிளியனூர் ஹோட்டல்காரர் ஒருநாள் சண்டைக்கு வந்தார்.

“என்னாய்யா, பக்கத்துக் கடை போர்டு எங்க போர்டைக் குனிஞ்சு பாக்குது. நான் வாங்கிக் குடுத்த பைப்பு எங்க?”

“உள்ளதான் இருக்குதுங்க. பத்திரமா இருக்குது.”

“உள்ள இருக்கிறத எவன்யா பாக்கப் போறான்?”

“பாக்க வேணாங்க. மேல ஏறுறவன் கீழ எறங்கணும்ல.”

வீட்டிலும் இதே பேஜாருதான். சைக்கிளின் பைப்புக்குள்ளும் பைப்பு செருகி வைத்திருந்தார். அதைத் திருடியவன் தெருமுனைவரை தள்ளிப் பார்த்துவிட்டு, சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டான்.

கம்பத்தில் ஏறி போர்டு மாட்டுபவர் என் அப்பா. அவருக்கு எழுத்து தெரியாது. “சரியா இருக்குதா பாப்பா?” என்று மேலிருந்து கேட்பார். கம்ப்யூட்டரில் அந்த போர்டை வரைந்த நான் கீழிருந்து படித்துச் சொல்வேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அந்த நேரத்தில் எனக்கு வரும் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

கம்பம் குட்டை என்ற புகார் பெருகியதும், திண்டிவனம் பைபாஸ் வேலையை முதலாளி வேறொரு வெல்டரிடம் கொடுத்தார். கம்பம் நெடுநெடுவென்று நின்றது. உள்ளே ஒரு சாண்தான் போயிருக்கிறது என்று தெரிந்ததும், முழம் அண்ணன் ஓடிப்போய் அப்பாவின் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“ஏறாத சித்தப்பா.”

“கைய விடுறா. சாயங்காலம் கடை தொறக்கறாங்க.”

“அப்ப நான் ஏறி ஆட்டிப் பாக்கறேன். நின்னுச்சுன்னா நீ ஏறு.”

ஏறினார். உச்சிக்குப் போய் ஓர் ஆட்டு ஆட்டினார். நடு இணைப்பு மடங்கியது.

ஆஸ்பத்திரியில் தொடை எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். கண் விழித்ததும் டாக்டரைத்தான் கேட்டார்.

“கம்பிய எம்மாந்தூரம் உட்டீங்க சார்? ஒரு முழமாச்சும் உள்ள போயிருக்குதா?”

டாக்டரே சிரித்துவிட்டார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கட்டிலின் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார்.

வயிற்றுக்குள்ளும் அடி பட்டிருந்தது. முழம் அண்ணன் அந்த வாரத்தைத் தாண்டவில்லை.

அப்பா தினமும் பொழுதோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார். கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருகிறார். அவர் தட்டில் சோறு போடும்போது, முழம் அண்ணனை நினைக்காமல் நான் ஒருநாளும் போட்டதில்லை.