விறகுக்குப் பந்தி வைத்தவர்

கோடரியைத் தொடாமலே ஒரு வண்டி விறகில் பாதி வேலையை முடிக்கத் தெரிந்தவர் கோவில்பட்டியில் ஒருவர்தான். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டே அலைவதால் வளையத்து அண்ணாச்சி.

விடிந்தால் என் தங்கச்சிக்குக் கல்யாணம். அன்று முற்றத்தில் இருந்தது அப்பா, சமையல்காரர், அண்ணாச்சி, நான். நடுவே, மலிவாகக் கிடைத்ததென்று அப்பா வாங்கிக் குவித்திருந்த விறகு. ஆள் பருமனில் புளி, கை பருமனில் வேம்பு, இடையிடையே வேர்முண்டுகள். பொழுது சாய்வதற்குள் அடுப்பு மூட்டியாக வேண்டும்.

அண்ணாச்சியோ கட்டைகளை உருட்டி உருட்டி உயரம் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "மாப்பிள்ளை வீட்டாருக்கு இங்கன இடம் பத்தாது" என்றார்.

நான் பதறி வாசலுக்கு ஓடினேன். தெருவில் ஒரு நாய்தான் நின்றது.

"அவிய இல்ல தம்பி, இவிய!" புளியங்கட்டைகளைக் காட்டினார். "வேம்பு பொண்ணு வீடு. ஒரே உசரத்து ஆளுகள ஒரே பந்தில வைக்கணும்."

"அப்போ இந்த வேர்முண்டு?"

"அவிய கோவிச்சுக்கிட்டு வந்தவிய. தொடப்படாது. ராத்திரி முழுசா அடுப்புல தள்ளுங்க, விடியுமட்டும் கனன்னு கிடக்கும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவுக்கும் புரியவில்லை என்பதுதான் பெரிய பயம்.

உச்சி வெயில் வந்தது. ஒரு சிராய் விழவில்லை. "ஊற வச்ச அரிசியத்தான் இலையில போடணும் போலுக்கு" என்றார் சமையல்காரர்.

அதன் பிறகுதான் அண்ணாச்சி தோளிலிருந்த இரும்புப் பட்டையைத் தரையில் போட்டார். ஒரே உயரக் கட்டைகளை அதற்குள் நெருக்கி நிறுத்தினார். கோடரியை எடுத்துச் சுற்றிவந்து போட்டார் பாருங்கள்! பிளந்தது எதுவும் சிதறவில்லை, சாயவில்லை. குனிந்து பொறுக்குகிற வேலையே இல்லை. பட்டையைத் தூக்கினால் ஒரு பந்தி எழுந்தது, அடுத்த பந்தி உட்கார்ந்தது. வெயில் இறங்குமுன், வேர்முண்டு தவிர முற்றம் காலி. மூன்று அடுப்பும் எரிந்தன.

எனக்கு அப்போதும் நிம்மதியில்லை. சுவரோரம் ஒரு கட்டை பிளக்காமல் நின்றது.

"அண்ணாச்சி, இத விட்டுட்டீங்களே! சோறு வேகாமப் போயிருமோ?"

"அது அடுப்புக்கில்ல. காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்க. உக்காரு தம்பி."

அந்தக் கல்யாணத்தில் என்னை உட்காரச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.