முதல் பீஸ் பாஸ் ஆன கதை

ஓய்வு பெற்ற மனிதனுக்குத் தன் வீட்டில் ஒரு மணி நேரமாவது சொந்தமாக இருக்க வேண்டும். ஏழரை மணிக்கு டிவி என்னுடையது என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லிப் பழக்கமில்லை.

ஏழரை என்பது என் மனைவி வீரலட்சுமியின் சீரியல் நேரம்.

பையன் மாதவன் புனேவுக்கு வேலைக்குப் போனபோது தன் கேம் கன்சோலை மூக்கண்டப்பள்ளி வீட்டிலேயே விட்டுப்போனான். அவன் சின்னவனாக இருந்தபோது கையில் வைத்து ஆடும் கேம் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். மேலிருந்து கட்டைகள் விழும். திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். அவனைவிட நான்தான் அதிகம் ஆடினேன். ஒரே ஒரு ஸ்கோரை மட்டும் என்னால் தாண்ட முடியவில்லை. பையன் போட்டது என்று பெருமைப்பட்டு விட்டுவிட்டேன். பிறகு அந்தக் கருவி செத்துப்போனது.

பொங்கலுக்கு வந்தவன் சொன்னான்: "அப்பா, அதே கேமை டிவியில ஆடலாம். எமுலேட்டர்னு ஒண்ணு இருக்கு. கன்சோலைப் பழைய கருவி மாதிரியே நடிக்க வைக்கும்."

மாமனார் வீட்டில் நான் நடிப்பதைப் போல என்று புரிந்துகொண்டேன். மூன்று எமுலேட்டர்களை ஏற்றி வைத்துவிட்டு ஊருக்குப் போனான். எது சரி என்று நானே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் லேத் ஓட்டியவன். எங்கள் கம்பெனியில் ஒரு விதி. ஒரு லாட்டை, அதாவது மொத்தச் சரக்கை, ஆரம்பிக்கும்போது மிஷின் ஓட்டுபவன் தன் முதல் பீஸைத் தானே பாஸ் பண்ணக்கூடாது. இன்ஸ்பெக்டர் ஓகே சொல்லும்வரை மிஷினில் கை வைக்கவும் கூடாது. வீட்டில் சோறு தின்னும்போதெல்லாம் இந்த விதியைத் திட்டியிருக்கிறேன்.

இப்போது அதுவே உதவியது. வீரலட்சுமியை இன்ஸ்பெக்டர் ஆக்கிவிட்டால்? இரண்டு நிமிடத்தில் சலித்துப்போய் ஓகே சொல்வாள். அவளே பாஸ் பண்ணிய பிறகு ஏழரை மணியைப் பற்றி எப்படிச் சண்டை போடுவாள்?

"இந்தாம்மா, இதைக் கொஞ்சம் பார்த்து ஓகே சொல்லேன்."

"எனக்கு என்னங்க தெரியும்?"

"சும்மா பட்டனை அழுத்து. நல்லாருக்குன்னு சொல்லு. போதும்."

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"ரிஜெக்ட்."

"ஏன்?"

"படத்தை அகலமா இழுத்து விட்டிருக்கு. சதுரக் கட்டையெல்லாம் செங்கல்லாட்டம் இருக்கு. அடுத்தது?"

இரண்டாவதை வைத்தேன்.

"இன்னைக்குப் பட்டனை அழுத்தினா நாளைக்குக் கட்டை திரும்பும்போல. ரிஜெக்ட்."

மூன்றாவதில் படம் சின்னதாக, நடுவில், பழைய மங்கல் பச்சையில் வந்தது. கட்டை கீழே உட்கார்ந்ததும் 'டொக்' என்றது. வீரலட்சுமி சிரித்தாள்.

"இதுதாங்க! அதே சத்தம்."

"அதே சத்தம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க செகண்ட் ஷிப்ட் போயிட்டா நான் யார்கூடப் பேசுறது? பையனைத் தூங்க வச்சுட்டு இதான் வேலை. உங்க கம்பெனி பஸ் சத்தம் கேட்டதும் அணைச்சுட்டு, சோறு எடுத்து வைப்பேன்."

"அப்ப அந்த ஸ்கோர்?"

"அழிக்கத் தெரியலைங்க."

விருதுநகரிலிருந்து அவளைக் கூட்டிவந்தவன் நான். இந்த மூக்கண்டப்பள்ளித் தெருவில் ஒரு பக்கம் கன்னடம், ஒரு பக்கம் தெலுங்கு. அவளுக்கு ஆள் பழகும்வரை துணைக்கு இருந்தது அந்தச் சின்னக் கருவி. செத்துப்போன அதற்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். ஒரு நாளும் குறை சொல்லாமல் சோறு போட்டவளுக்கு இன்னொன்று.

அந்த நன்றியோடு கன்ட்ரோலருக்குக் கை நீட்டினேன்.

"கையை எடுங்க."

"அதான் பாஸ் ஆயிடுச்சே?"

"முதல் பீஸ்தானே பாஸ்? லாட் முழுக்கப் பார்க்க வேணாமா? நடுவுல கெட்டுப்போனா யார் பொறுப்புன்னு நீங்கதானே கத்துவீங்க?"

"உன் சீரியல் ஆரம்பிச்சிருக்குமே!"

"அதை நான் போன்ல பார்த்துக்குவேன். நீங்க ரசிச்சுப் பார்க்கறீங்களேன்னுதான் டிவியில போட்டுட்டிருந்தேன்."

லாட் இன்னும் முடியவில்லை. பக்கத்து வீட்டு ராஜாத்தியும் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்துவிட்டாள். இருவரும் சோபாவில் தோள் இடித்துச் சிரிப்பதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது. ஏழரைக்கு எனக்கும் ஒரு ஷிப்ட் உண்டு, கேன்டீனில்.

"அண்ணா, சர்க்கரை கம்மி. ரிஜெக்ட்!" என்கிறாள் ராஜாத்தி.

முதல் டம்ளர் டீ இன்னும் பாஸ் ஆகவில்லை.