ரைட்டருக்குக் கூடிய மரியாதை

அரைக் கிலோ கேழ்வரகு மாவு கடன் கேட்கப் போன ஸ்தனிஸ்லாசுக்கு, மளிகைக்கடை சென்னப்பன் ஐந்து கிலோ அரிசி கட்டிக் கொடுத்தார்.

"நான் மாவுதாங்க கேட்டேன்."

"இன்னும் என்ன ரைட்டரே களி? சோறு தின்னுங்க."

"பழைய பாக்கியே இருக்குதுங்க."

"அட விடுங்க. அது எங்க ஓடிப் போவுது?"

சென்னப்பன் சிரித்தார். பதினெட்டு வருஷப் பழக்கத்தில் சென்னப்பனுக்கு இத்தனை பல் இருப்பது ஸ்தனிஸ்லாசுக்கு அன்றுதான் தெரிந்தது. போன வாரம் தராசுத் தட்டிலிருந்து நாலு மிளகாயைத் திரும்ப எடுத்துக்கொண்ட மனிதர்.

படி இறங்கும்போது பின்னால் சென்னப்பன் மனைவியின் குரல் கேட்டது.

"இவருதானா?"

"ச்சூ. காதுல வுழப் போவுது."

ஸ்தனிஸ்லாஸ் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் புளி மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடலை எண்ணெய் மில்லில் அவர் எடை ரைட்டர், மூட்டை எடையைக் கணக்கெழுதுகிறவர். முதலாளிகளுக்குள் பங்குச் சண்டை வந்து மில்லைப் பூட்டி நாலு மாதம் ஆகிறது. அந்த நாலு மாதத்தில் அவரும் மனைவி மிக்கேலம்மாளும் சில பாடங்கள் படித்திருந்தார்கள். சோப்பை நூலால் நாலாக அறுக்கலாம். ஒரே காப்பித்தூளை மூன்று தடவை கொதிக்க வைக்கலாம்; மூன்றாவதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு குடிக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் யாராவது வரும் சத்தம் கேட்டால் ஜெபமாலையை எடுத்துவிடலாம். ஐம்பத்து மூன்று மணியையும் உருட்டி முடிக்கும்வரை எந்த விருந்தாளியும் காத்திருக்க மாட்டான். பரிசுச் சீட்டு விற்கிறவன் குரல் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்ளலாம்; ஒரு ரூபாய் மிச்சம். எல்லாவற்றுக்கும் மேலான பாடம், கடன் கொடுக்கிறவன் சிரிக்க மாட்டான் என்பது. சிரித்தால் அதில் ஏதோ இருக்கிறது.

அரிசியைப் பார்த்து மிக்கேலம்மாள் ஆச்சரியப்படவில்லை. அதுவும் அவருக்குச் சரியாகப் படவில்லை.

மத்தியானம் சோற்றின் மேல் ஒரு முட்டை இருந்தது.

"முட்டை ஏது?"

"கோழி போட்டது."

"நம்மகிட்ட கோழி இல்லையே."

"ஊர்ல இருக்குதில்ல? தின்னுங்க. கேள்வி கேட்டா ஆறிப் போயிடும்."

அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். இருபத்திரண்டு வருஷமாக அவர் முகத்தைப் பார்த்து மட்டுமே சண்டை போட்டவள்.

மறுநாள் சவரக்காரர் பச்சியப்பன் தெருவில் நின்ற அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பெட்டியிலிருந்து பொட்டலம் பிரிக்காத புது பிளேடு ஒன்றை எடுத்தார். அந்தப் பெட்டியில் புது பிளேடு உண்டு என்பது ஊரில் யாருக்கும் தெரியாது.

"காசு இல்ல பச்சி."

"காசு யாரு கேட்டா?" பச்சியப்பன் கன்னத்தை மெதுவாகத் தடவிப் பார்த்தார். "இந்த மொகத்தைத் தொடற பாக்கியம் எனக்கு இன்னும் எத்தனை நாளைக்கோ."

ஸ்தனிஸ்லாஸ் அசையவில்லை. பிளேடு கழுத்தில் இருந்தது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு செபாஸ்டின் வந்தார். ஸ்தனிஸ்லாஸ் சுவரை ஒரு முழம் தள்ளிக் கட்டிவிட்டார் என்ற தகராறில் ஆறு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கோயிலில் பூசை நடுவே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போதுகூட இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுவரு கெடக்குது மாமா. நாளைக்கு எதைத் தூக்கிட்டுப் போவப் போறோம்? மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

"சுவரு என் எடத்துலதான் இருக்குது."

"இருக்கட்டுமே! உங்க எடத்துலயே இருக்கட்டும்!"

செபாஸ்டின் கண் கலங்கியிருந்தது. அவர் போனபிறகு ஸ்தனிஸ்லாஸ் அந்தப் பழத்தை முகர்ந்து பார்த்தார். நல்ல பழம்.

அன்று இரவு படுத்தபடி யோசித்தபோதுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் குழாயடியில் தலை சுற்றி விழுந்திருந்தார். மிக்கேலம்மாள் பாலக்கோட்டுக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப் போனாள். டாக்டர் வயிற்றை அமுக்கினார். கண் இமையை இழுத்தார். பிறகு, "நீ வெளிய இருய்யா" என்று சொல்லிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். வெளியே வந்தவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். என்ன என்றதற்கு, "ஒண்ணுமில்ல, வெயிலு" என்றாள். பஸ்ஸில் ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வெயிலுக்கா ஒரு டாக்டர் ஆளை வெளியே அனுப்புவார்?

ஸ்தனிஸ்லாஸ் எழுந்து உட்கார்ந்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வலிப்பது போலவும் இருந்தது, வலிக்காதது போலவும் இருந்தது.

காலையில் ஒரு முடிவுக்கு வந்தார். ஊர் நினைக்கிறபடி தான் இல்லை என்று காட்டிவிட வேண்டும். ரேஷன் கடையில் யாருடையதோ கோதுமை மூட்டை கிடந்தது. குனிந்து தோளில் ஏற்றினார். பத்தடி வைப்பதற்குள் நாலு பேர் ஓடி வந்தார்கள்.

"ஐயோ ரைட்டரே! நீங்க தூக்கலாமா?"

"எனக்கு என்ன கேடு?"

"இந்த நேரத்துல உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது? எறக்குங்க, எறக்குங்க!"

மூட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒருவர் துண்டால் அவருக்கு விசிறினார். ஒருவர் சோடா உடைத்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தச்சர் கருப்பண்ணன் வந்து, அவரை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தார்.

"கொஞ்சம் நேரா நில்லுங்க. அஞ்சே முக்கால் அடி இருப்பீங்களா?"

"எதுக்கு?"

"சும்மாதாங்க. நல்ல தேக்கு ஒண்ணு வந்திருக்குது. உங்களுக்குன்னு எடுத்து வெச்சுடறேன். காலை நல்லா நீட்டிப் படுக்கலாம். மத்ததை வூட்டம்மாகிட்டப் பேசிக்கறேன்."

ஸ்தனிஸ்லாஸ் அந்த சோடாவை முழுக்கக் குடித்தார்.

உபதேசியார் சவரி ஒரு வீட்டுக்கு வந்தால் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். கோயில் வரி பாக்கி, இல்லாவிட்டால் சாகக் கிடக்கிறவர்களுக்கு சாமியார் எண்ணெய் பூச வரப்போகிறார். வரி பாக்கி என்றால் வாசலில் நின்று சத்தம் போடுவார். மற்றதற்கு உள்ளே வந்து உட்காருவார்.

வியாழக்கிழமை உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"சாமியாரு கேட்டுட்டு வரச் சொன்னாருங்க. கல்லுல உங்க பேரை எப்படிப் போடறது? வெறும் ஸ்தனிஸ்லாசா, அப்பா பேரும் சேர்த்தா?"

"கல்லுலயா?"

"கருங்கல்லு. கொத்தறவன்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சா நல்லதில்ல? கடைசி நேரத்துல ஓடிக்கிட்டிருக்கக் கூடாது."

ஸ்தனிஸ்லாஸ் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். "தேதி?"

"அதை மட்டும் விட்டு வெக்கச் சொல்லியிருக்காரு. அது நம்ம கையிலயா இருக்குது? எப்ப வருதோ அப்ப போட்டுக்கலாம்."

"அப்பா பேரையும் சேர்த்துடுங்க."

"நல்லது. அப்புறம் கோயில் மணி கீறல் விட்டுப் போச்சு. உங்க ஞாபகமா ஒரு மணி போட்டா காலத்துக்கும் பேரு சொல்லும். நீங்க 'ம்'னு சொன்னாப் போதும், மத்ததை சாமியாரு பாத்துக்குவாரு."

"ம்" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

சவரி போன பிறகு வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயம் போய்விட்டது. வந்தது வேறொன்று. நாலு மாதமாக ஊர் அவருக்கு அரிசியும் மாவும் போட்டிருக்கிறது. ஜெபமாலையைக் காட்டி எத்தனை பேரைச் சோறு போடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறோம்! இப்படியே போனால் கணக்கு யாரிடம் தீர்ப்பது? எல்லோரையும் கூப்பிட்டு ஒரு வேளை சோறு போட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போவதுதான் முறை.

வெள்ளிக்கிழமை வீடு வீடாகப் போனார். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நம்ம வூட்டுல சாப்பாடு. குடும்பத்தோட வந்துடுங்க." யாரும் காரணம் கேட்கவில்லை. எல்லோரும் முன்பே எதிர்பார்த்தது போலத் தலையாட்டினார்கள். ஆட்டுக்காரர் மாதுவிடம் தயங்கித் தயங்கி ஒரு ஆடு கடன் கேட்டார்.

"ஒண்ணு எப்படிங்க பத்தும்? ரெண்டா வெட்டிடலாம்."

சென்னப்பன் ஒரு மூட்டை அரிசியும் ஒரு டின் எண்ணெயும் தன் வண்டியிலேயே ஏற்றி அனுப்பினார்.

வண்டி வாசலில் நின்றபோது மிக்கேலம்மாள் வெளியே வந்தாள்.

"என்னாங்க இது?"

"விருந்து."

"யாருக்கு?"

"ஊருக்கு."

"ஊருக்கா?" அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "ஆடு?"

"ரெண்டு. கோயிலுக்கு ஒரு மணிக்கும் சரின்னு சொல்லிட்டேன்."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஸ்தனிஸ்லாஸ் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு எல்லாம் தெரியும் மிக்கேலு. நீ எங்கிட்ட மறைச்சது தெரியும்."

அவள் முகம் வெளுத்தது. "யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நானாத்தான் கண்டுபிடிச்சேன்."

"எம்மேல கோவமா?"

"கோவம் எதுக்கு? நீதான் பாவம் என்ன பண்ணுவே."

மிக்கேலம்மாள் உடைந்து அழுதாள். அவரும் அழுதார். வண்டிக்காரன் எண்ணெய் டின்னை எங்கே வைப்பது என்று கேட்க இரண்டு தடவை வாயெடுத்துவிட்டுப் பேசாமல் நின்றான்.

"தெரிஞ்சுமா ரெண்டு ஆடு சொன்னீங்க?" என்றாள் அழுகைக்கு நடுவே.

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவை."

"எங்க போறீங்க?"

அவளுடைய நடிப்பை அவர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

ஆனால் ஒரு கவலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைவரை தாங்குமா? தாங்காது என்றால் விருந்தை ஒரு நாள் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். ஆட்டை வெட்டிவிட்டு ஆள் இல்லாமல் போனால் நன்றாக இருக்காது. சனிக்கிழமை விடிந்ததும் அவளிடம் சொல்லாமல் பாலக்கோட்டுக்கு பஸ் ஏறினார்.

டாக்டருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. சீட்டைப் பார்த்தபிறகு தெரிந்தது.

"எத்தனை நாளுங்க இருப்பேன்?"

"என்ன கேள்விய்யா இது?"

"மறைக்காதீங்க டாக்டரய்யா. ஊருக்கே தெரியும். கல்லுல பேரு வெட்டற வரைக்கும் வந்தாச்சு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மறுபடி வயிற்றை அமுக்கினார். கண் இமையை இழுத்தார்.

"உனக்கு ஒரு வியாதியும் இல்ல. அன்னைக்கு சோறில்லாம மயக்கம் போட்டே. மூணு வேளையும் நல்லாப் போடுங்கன்னு உன் சம்சாரத்துகிட்ட சொன்னேன். 'அவருகிட்ட சொல்லாதீங்க சாமி, வெக்கப்பட்டே செத்துப் போவாரு'ன்னு அந்தம்மாதான் கும்பிட்டுக் கேட்டுக்கிச்சு. இப்ப ஒடம்பு தேறித்தான் இருக்குது. நல்லா சாப்பிடறே போல?"

"சாப்பிடறேங்க."

"பின்ன என்ன? போய்ட்டு வா."

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்தனிஸ்லாஸ் வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். தக்காளி வண்டிகளுக்கு நடுவே சின்னப் பையன் மாதிரி நடந்தார். பஸ் ஸ்டாண்டை நெருங்கும்போது நடை குறைந்தது. சாகப்போவதில்லை என்றால் இரண்டு ஆட்டுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அரிசி மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் அவர்தான். கோயில் மணிக்கும் அவர்தான்.

அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் வந்தது. டாக்டர் மிக்கேலம்மாளிடம் சொன்னது சோறு போடச் சொல்லித்தான். அப்படியானால் ஊரில் யாரும் அவர் சாகப்போவதாக நினைத்திருக்க வழியில்லை. பின் சென்னப்பன் எதற்குச் சிரித்தார்? செபாஸ்டின் எதற்குச் சுவரை விட்டுக் கொடுத்தார்? கருப்பண்ணன் எதற்கு அளவெடுத்தார்?

கண்டக்டர் கோவிந்தன் அவர் ஊர்க்காரர்தான். டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தவர் ஸ்தனிஸ்லாசைப் பார்த்ததும் பையை இடுக்கிக்கொண்டு வணக்கம் வைத்தார். ஸ்தனிஸ்லாஸ் நீட்டிய முப்பது காசை அவர் உள்ளங்கையிலேயே மூடி வைத்தார்.

"ஏம்ப்பா, நீயுமா? எதுக்குப்பா எல்லாரும் எனக்கு இப்படிப் பண்றீங்க?"

கோவிந்தன் முன்னும் பின்னும் பார்த்தார். குனிந்து காதருகே வந்தார்.

"நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்க ரைட்டரே, உங்களுக்குப் பரிசுச் சீட்டுல லட்ச ரூபா வுழுந்தது ஊருக்கே தெரியும், தெரிஞ்ச மாதிரி உங்ககிட்ட மட்டும் யாரும் காட்டிக்கக் கூடாதுன்னு உங்க வூட்டம்மாதான் வூடு வூடாப் போயி சத்தியம் வாங்கியிருக்காங்க!"